ஞானாம்பாளை எங்கே தொலைத்தோம்?

கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள பங்கு ஒன்றின் படிப்பகத்தில், அலமாரியைத் தூய்மை செய்த நாளில் எழுந்த வழக்கு இது. அன்பர்கள் பலர் அவ்வப்போது கொடுத்துச் சென்ற மாத நாவல்கள் இரண்டு தட்டு நிறைய இருந்தன. காதல் கதைகள், கோடை வாசத்தலங்களுக்கு விடுமுறையில் சென்றோரின் கதைகள், கொலையும் துப்பும் பேசும் கதைகள். "எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடுங்கள், கோவில் வளாகத்தில் இவை எதற்கு?" என்றார் ஒருவர். "பொழுது போவதற்குப் படிக்கிறார்கள், அதில் போய்ப் பாவ புண்ணியம் பார்ப்பானேன்?" என்றார் மற்றொருவர். வழக்கு தீரவில்லை, அலமாரி மட்டும் பூட்டப்பட்டது.

இவ்விருவருள் எவரோடும் நமக்கு உடன்பாடு இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லவே எழுதுகிறோம்.

முதலாமவரின் அச்சம் புதியதன்று. விலக்கப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்றைத் திருச்சபையே நானூறு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தது. 1966-ஆம் ஆண்டில் அதன் சட்டவலிமை நீக்கப்பட்டது. எதை வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதற்காக அன்று. தேர்ந்து படிக்கும் பொறுப்பு இறைமக்களின் மனச்சான்றிடம் ஒப்படைக்கப்பட்டது. அலமாரியைப் பூட்டுவது அந்தப் பொறுப்பிலிருந்து நாம் நழுவுவதாகும்.

மேலும், தமிழில் நாவலைத் தொடங்கி வைத்தவரே ஒரு கத்தோலிக்கப் பொதுநிலையினர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. மாயூரத்தில் மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் காதல் உண்டு, பயணம் உண்டு, ஆள்மாறாட்டம் உண்டு, வயிறு குலுங்கச் சிரிக்க விகடமும் உண்டு. இன்றைய மாத நாவலில் உள்ள சரக்கெல்லாம் அதிலும் இருக்கிறது. ஆனால் அதன் நாயகி ஞானாம்பாள் எப்படிப்பட்டவள்? கணவனைப் பிரிய நேர்ந்த நிலையில் ஆண்வேடம் பூண்டு, விக்கிரமபுரியின் ஆட்சிப் பொறுப்பையே ஏற்று, நீதி வழங்கிக் காட்டுகிறவள். பெண்கல்விக்காக வாதாடிய அந்தப் பெரியவர், படிப்போரை மகிழ்விக்கும்போதே பெண்ணை நிமிர்ந்து நிற்கவும் வைத்தார். மகிழ்ச்சிக்கும் மாண்புக்கும் பகை இல்லை என்பதைத் தமிழ் நாவல் தன் முதற்பிறவியிலேயே மெய்ப்பித்துவிட்டது. அந்த ஞானாம்பாளை எங்கே தொலைத்தோம் என்பதே நம் கேள்வி.

மாத நாவல்களை இழிவாகப் பேசுவது நம் நோக்கமன்று. ரமணிசந்திரனின் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பக் கதைகளும், கோவையைச் சேர்ந்த ராஜேஷ்குமாரின் 1500-க்கு மேற்பட்ட நாவல்களும் எத்தனையோ பேருக்கு வாசிப்புப் பழக்கத்தையே ஊட்டின. பேருந்து நிலையக் கடைகளில் கிளிப்போட்டுத் தொங்கிய அந்தச் சிறு புத்தகங்கள், நூலகம் எட்டிப் பாராத ஊர்களையும் எட்டிப் பார்த்தன. இன்று அவ்வாசகர்களில் பெரும்பகுதியினர் கைப்பேசிக்கு மாறிவிட்டார்கள். பிரதிலிபி போன்ற தளங்களில் நாளுக்கோர் அத்தியாயமாக வெளிவந்து, பின்னர் அச்சேறும் நாவல்கள் ஏராளம். எழுதுவோரில் பெண்களே மிகுதி. படிப்போரிலும் பெண்களே மிகுதி. அதனால்தான் நம் வருத்தமும் மிகுதி.

காதல் நாவல்களை முதலில் எடுத்துக்கொள்வோம். அண்மை ஆண்டுகளில் நம் கைக்கு வந்தவற்றுள் மிகப் பல ஒரே அச்சில் வார்த்தவை. நாயகன் பெருஞ்செல்வன், முன்கோபி. யார்மீதோ கொண்ட பகைக்காக நாயகியைக் கடத்துகிறான். அல்லது அவள் தந்தையின் கடனைக் காட்டி மிரட்டுகிறான். அவள் கதறக் கதறத் தாலி கட்டுகிறான். ஐம்பது பக்கம் அவளை அழவைத்த பிறகு, அவனுக்கும் ஒரு சோகமான இளமைப்பருவம் இருந்ததென்று ஆசிரியர் வெளிப்படுத்துகிறார். உடனே அவள் உருகுகிறாள். "கழுத்தில் ஏறிவிட்டது, இனி இவர்தான் எனக்கு எல்லாம்" என்கிறாள். மங்களம் பாடிவிடுகிறார்கள்.

இதைக் காதல் என்று எப்படி ஏற்பது? மணமக்களின் மன ஒப்புதலே திருமணத்தை உருவாக்குகிறது; அந்த ஒப்புதலை வேறெந்த மனித ஆற்றலாலும் ஈடுசெய்ய இயலாது என்கிறது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு (எண் 1057). வன்முறையாலோ பேரச்சத்தாலோ பெறப்பட்ட ஒப்புதல் செல்லாது (எண் 1103). திருமணம் செய்யும் நோக்குடன் கடத்தப்பட்ட பெண், கடத்தியவனிடமிருந்து பிரிக்கப்பட்டு, பாதுகாப்பான இடத்தில் சுதந்திரமாக இருந்து, தானே விரும்பித் தேர்ந்தாலன்றி அத்திருமணம் நிகழ முடியாது (எண் 1089). இது நேற்று வந்த புதுமையும் அன்று. திரெந்துப் பொதுச்சங்கம் 1563-இலேயே இதை வரையறுத்தது. ஏறத்தாழ நாலரை நூற்றாண்டுகளுக்கு முன் கூடிய ஆயர்களுக்குப் புரிந்திருந்த ஒன்று, இன்று கைப்பேசியில் நாவல் எழுதுகிறவர்களுக்குப் புரியவில்லையே என்பதுதான் விந்தை. நம் திருமண ஆயத்த வகுப்புகளில் மன ஒப்புதலைப் பற்றி விளக்குகிறோம். அதே வகுப்பில் அமர்ந்திருக்கும் பெண்ணின் கைப்பைக்குள் இருக்கும் கைப்பேசி நேர்மாறான பாடத்தை இரவெல்லாம் நடத்திக்கொண்டிருக்கிறது.

"கதை தானே?" என்பர். கதைதான். ஆனால் வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னதை ஏற்கத் தெரியாத ஆண்கள் கதைக்கு வெளியேயும் இருக்கிறார்கள். 2022 அக்டோபரில் சென்னைப் பரங்கிமலை ரயில் நிலையத்தில், தன்னை மறுத்தாள் என்பதற்காக ஒரு கல்லூரி மாணவியை ஓடும் ரயிலின்முன் தள்ளிக் கொன்றான் ஓர் இளைஞன். அவன் நாவல் படித்துக் கெட்டான் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை. ஆனால் பெண்ணின் மறுப்பைத் தாண்டக்கூடிய ஒரு தடையாக மட்டுமே காட்டும் கதைகளை, இத்தகைய காலத்தில், பெண்களே பெண்களுக்காக எழுதலாமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அடுத்து விடுமுறைக் கதைகள். மலை நமக்கு அந்நியமன்று. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என மேற்கே ஏறும் சாலைகள் நம் வாசலிலிருந்துதான் தொடங்குகின்றன. மூணாறுக்கும் தேக்கடிக்கும் தேனிலவு செல்லும் நாவல் மாந்தர்கள் நம் ஊர்களைக் கடந்துதான் போகிறார்கள். அவர்கள் கண்ணில் படுவன யாவை? பனிமூட்டம், பச்சைக் கம்பளம், விடுதியின் கண்ணாடிச் சன்னல், கையில் ஆவி பறக்கும் தேநீர். அந்தத் தேயிலையைக் கிள்ளியவர் யார் என்று அவர்கள் ஒருபோதும் கேட்பதில்லை.

விடியுமுன் கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் சென்று பாருங்கள். தூக்குச்சட்டியும் தலைத்துணியுமாகப் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கப் போகிறவர்கள் அவர்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதன்று. தூரடியில் தரையோடு படர்ந்த சரத்தில் காய்ப்பது. குனிந்த முதுகு நிமிராமல், முற்றிய காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். இருட்டும் நேரத்தில் அதே வளைவுகளில் இறங்கி வந்து, வீட்டில் உலை வைக்க வேண்டும். அந்தக் காய்தான் போடியில் ஏலத்திற்கு வந்து உலகெங்கும் மணக்கிறது. நாவலாசிரியர்கள் மலையில் மணத்தைக் கண்டார்கள். குனிந்த முதுகைக் காணவில்லை.

மலையில் கதைக்கா பஞ்சம்? 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து, ஆண்கள் நடத்திய தொழிற்சங்கங்களையும் ஒதுக்கி வைத்துவிட்டுத் தாமே சாலையில் அமர்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் பெற்ற அப்போராட்டம் 20 விழுக்காடு கோரி வென்றது. 2018 மார்ச் 11 அன்று நம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ, மலையேற்றம் வந்திருந்தோரைச் சூழ்ந்தது. 23 பேர் மாண்டனர். மீட்க விரைந்தவர்களுள் உள்ளூர் மக்களும் இருந்தார்கள். 2020 ஆகஸ்டில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளை உறங்கியவர்களோடு மூடியது. அன்பும் வீரமும் இழப்பும் அந்த மலையில் கொட்டிக் கிடக்கின்றன. விடுதிச் சன்னலின் திரையை இன்னும் கொஞ்சம் விலக்கினால் போதும்; அந்தச் சிரமத்தைக்கூட நம் எழுத்தாளர்கள் ஏற்பதில்லை.

துப்பறியும் கதைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். ஏனெனில் அவற்றின்மீது நமக்கு ஆசை உண்டு. வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலந்தொட்டுத் தமிழ் வாசகர் விரும்பிய வகை அது. தொடர்பற்ற இரு கதைகளைத் தனித்தனியே ஓட்டி, இறுதியில் ஒன்றாய் முடிச்சிடும் ராஜேஷ்குமாரின் லாவகத்தை நாமும் விழித்திருந்து வியந்தவர்களே. ஆனால் இவ்வகையில் இன்று வருவனவற்றுள் பல, வாசகரிடம் நேர்மையாக நடந்துகொள்வதில்லை. இங்கிலாந்தில் ரோனால்டு நாக்ஸ் என்னும் கத்தோலிக்கக் குரு, 1929-இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும். துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகரிடம் மறைக்கலாகாது. வேடிக்கைபோல் சொன்னாலும் அவற்றின் உட்பொருள் நேர்மைதான். நம் நாவல்களிலோ, கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஒருவன் வந்து "நான்தான்" என்கிறான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, இறந்தவருக்கு இழைக்கப்படும் அவமதிப்பு. முதற்பக்கத்தில் ஓர் இளம்பெண்ணின் உடல். மூன்றாம் அத்தியாயத்தில் அவள் பெயரே மறந்துபோகிறது. அவளுக்காக அழும் தாய் கதையில் இல்லை. செஸ்டர்டன் படைத்த பிரவுன் என்னும் குருவை நினைத்துப் பாருங்கள். 1911-இல் முதல் தொகுப்பாக வெளிவந்த அக்கதைகளில், பாவசங்கீர்த்தனம் கேட்டுக் கேட்டு மனித உள்ளத்தை அறிந்த அந்த எளிய மனிதர், கொலைகாரனையும் ஓர் ஆன்மாவாகவே பார்க்கிறார். நம் கதைகளில் கொன்றவனும் ஆளில்லை, கொலையுண்டவளும் ஆளில்லை, இருவரும் காய்கள்.

"உழைத்துக் களைத்தவர்கள் சற்று மறந்திருக்கப் படிக்கிறார்கள், அவர்களிடம் போய் அறம் பேசலாமா?" என்று படிப்பகத்து இரண்டாமவர் நம்மைக் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. காய் எடுக்கப் போகும் சகோதரி ஒருவரை நாம் அறிவோம். திரும்பும் ஜீப்பில் தொடர்கதை படிப்பவர். ஏன் இதைப் படிக்கிறீர்கள் என்று கேட்டோம். "கதையிலயாவது பொம்பளைங்க உக்காந்து சாப்புடுறாங்கள்ல, அதுக்காகத்தேன்ண்ணே" என்றார். அந்தப் பதிலுக்குப் பின் அவரைக் குறைசொல்ல நமக்கு வாய் வரவில்லை, இன்றும் வருவதில்லை. ஆனால் அவ்வளவு களைப்போடு கைநீட்டுகிற ஒருவருக்கு எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் எழுதுகிறவரின் கடமை தொடங்குகிறது. பசித்தவர் எதையும் உண்பார் என்பதற்காக ஊசிப்போன சோற்றைப் பரிமாறலாமா? அவர் கேட்டது, பெண் உட்கார்ந்து உண்ணும் ஒரு வீடு. நாவல் கொடுப்பதோ, பூட்டிய அறைக்குள் கொண்டுவந்து வைக்கப்படும் வெள்ளித்தட்டு.

ஆகவே, அலமாரியைத் திறக்க வேண்டும் என்கிறோம். அந்த நாவல்களோடு வேதநாயகம் பிள்ளையையும் செஸ்டர்டனையும் பக்கத்தில் அடுக்க வேண்டும். அன்பியக் கூட்டங்களில் மாதம் ஒரு நாவலையேனும் எடுத்துப் பேச வேண்டும். இந்தப் பெண் மனமொப்பி இணங்கினாளா? இந்த மலையில் உழைப்பவர் எங்கே? இறந்தவருக்காக அழுதவர் யார்? இம்மூன்றையும் கேட்கப் பட்டம் தேவையில்லை. தளங்களில் எழுதும் ஆசிரியர்கள் வாசகர் கருத்தை உடனுக்குடன் படிப்பவர்கள், "அடுத்த அத்தியாயம் எப்போது?" என்பதோடு நில்லாமல், இக்கேள்விகளையும் அங்கே எழுத வேண்டும். நம் பங்குகளிலேயே எழுதும் ஆற்றலுள்ள பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் அந்த விடியற்கால ஜீப்பைப் பற்றி எழுதட்டும். காதலும் வரட்டும், கொலையும்கூட வரட்டும். முதற்படியை வாங்க நாம் காத்திருக்கிறோம்.