ஆட்டுப்பட்டியும் நாயும்: பொறுப்பு யாருடையது?

2024, 2025-ஆம் ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரங்களில் தெருநாய்க் கூட்டங்கள் பட்டிகளுக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறின. செத்த ஆடுகளை ரோட்டில் கிடத்தி விவசாயி மக்கள் மறியல் செய்தனர். அவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகே சர்க்கார் நஷ்டஈடு பற்றி வாய் திறந்தது.

ஆடு என்பது ஏழையின் கைமுதல். மகள் கல்யாணத்துக்கும், பிள்ளையின் படிப்புக்கும், ஆஸ்பத்திரிச் செலவுக்கும் விற்கப்படுவது ஆடுதான். கடன் வாங்கிக் குட்டி வாங்கிய கூலிக்காரப் பெண்ணின் பட்டி ஒரே இரவில் அழிந்தால், ஆடு போய்விடும், கடன் போகாது.

இந்த நிலையில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. நாய்களையெல்லாம் விஷம் வைத்துக் கொல் என்பது ஒன்று. நாயைப் பற்றிப் பேசவே கூடாது என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் ஏற்கவில்லை. விஷம் வைப்பது சட்ட விரோதம். அதைத் தின்று காவல் நாயும் சாகும், மேயும் ஆடும் சாகும். நாய்க்காக உருகும் கனவான்களோ, ஆட்டை இழந்தவளின் கண்ணீரைக் காண்பதில்லை.

கொங்கு நாட்டில் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி இருக்கிறது. அது ஆடு வெளியே போகாமல் தடுக்கும். நாய் உள்ளே வராமல் தடுக்காது. இரவில் ஆடுகள் காட்டிலே, உடையவர் வீட்டிலே. மிரண்டு ஓடும் ஆட்டைக் கண்டால் நாய்க்கு வெறி ஏறும். பசி தீர்ந்தும் கடித்துக்கொண்டே போகும். ரோட்டோரத்தில் கொட்டப்படும் கோழிக் கழிவு இக்கூட்டங்களுக்கு இரை போடுகிறது. கழிவைக் கொட்டி லாபம் பார்ப்பவர் ஒருவர். நஷ்டத்தைச் சுமப்பவர் வேறொருவர்!

நம் கையில் உள்ளதை நாம் செய்ய வேண்டும். நாய் ஆட்டுக்குப் பிறவிப் பகையல்ல. பட்டி காக்க வளர்க்கும் குட்டியை, பிறந்த இரண்டாவது மாதம் முதலே ஆடுகளின் வாசத்தில் பழக்க வேண்டும். விளையாட்டாகக் குட்டியாட்டைத் துரத்தினாலும் அப்போதே அதட்டித் தடுக்க வேண்டும். முதல் ஆண்டு முழுவதும் கண்காணிப்பின்றி ஆடுகளோடு விடக்கூடாது. செத்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் நாய்க்குப் போடாமல் ஆழப் புதைக்க வேண்டும். வீட்டு நாயை இரவில் ஊர் சுற்ற விடுவதும், வேண்டாத குட்டிகளை ஊர் எல்லையில் விட்டு வருவதும் அண்டை வீட்டான் பட்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

நோயும் உண்டு. நாயின் குடலிலுள்ள நாடாப்புழுவின் முட்டை புல் வழியே ஆட்டின் வயிற்றுக்குள் சென்று, மூளையில் நீர்க்கட்டியாகி, ஆட்டைச் சுற்றிச் சுற்றி விழச் செய்கிறது. அறுத்த ஆட்டின் தலையையும் ஈரலையும் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய்க்குப் புழு மருந்து கொடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள். நாய் கடித்த ஆட்டின் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். கழுவுகிறவர் கையுறை அணிவது அவசியம்.

ஆனால், ஆடு வளர்ப்பவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் தெருநாய்ப் பெருக்கத்தை அவர் தனியே தடுக்க முடியாது. 2023-ஆம் ஆண்டின் நாய்க் கருத்தடை விதிகள் அந்தப் பொறுப்பை உள்ளாட்சி ஸ்தாபனங்களிடம் ஒப்படைத்துள்ளன. பணமும் டாக்டரும் தராமல் பொறுப்பை மட்டும் பஞ்சாயத்தின் தலையில் கட்டினால் காரியம் நடக்குமா? கருத்தடையின் பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை பட்டி யாரை நம்பி இருப்பது?

எனவே நாம் கோருவது இவை: ஒன்றியந்தோறும் கருத்தடை நிலையமும் போதிய டாக்டர்களும் வேண்டும். இறைச்சிக் கழிவைக் கொட்டுவோர் மீது கடும் நடவடிக்கை வேண்டும். சிறு ஆடு வளர்ப்போருக்குக் கம்பிவலை வேலி அமைக்க மானியம் வேண்டும். சந்தை விலைக்கேற்ற நஷ்டஈட்டை, அலைக்கழிக்காமல், கெடுவுக்குள் வழங்க வேண்டும்.

விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இக்கோரிக்கைகளைக் கிராமசபைதோறும் தீர்மானமாக்க வேண்டும். தனித்தனியே அழுதால் கண்ணீர்தான் மிஞ்சும். ஒன்றுபட்டுக் கேட்டால் பட்டி பிழைக்கும்.