மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுமா?

விருத்தாசலம் பக்கத்து வாசகி ஒருவரின் கடிதம் இது. விளைகிற மல்லாட்டையை மூட்டையாக விற்காமல் எண்ணெயாக்கி விற்கலாம் என்று குடும்பம் முடிவெடுத்து, ரோட்டோரம் கொட்டகை போட்டாயிற்று. மூன்று ஹெச்.பி. மரச்செக்கு இரண்டு, மல்லாட்டை உடைக்கும் இயந்திரம் 2 ஹெச்.பி., மாவு மில் 7.5, மிளகாய் மில் 5, எண்ணெய் வடிகட்டும் பம்பு 1, தண்ணீர் மோட்டார் 1. மொத்தம் 22.5 ஹெச்.பி. எலக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் கூட்டி, அதற்கு மேல் கொஞ்சம் வைத்து, 30 கே.வி.ஏ. ஜெனரேட்டரும் வேண்டும் என்கிறார். கொழுந்தனாரோ, "பாதி போதும் அண்ணி, இணைப்பு வரும்வரை கிணற்று லைனிலேயே செக்கை ஓட்டிக்கொள்ளலாம்" என்கிறார். நகையை அடகு வைத்த பணம். யார் சொல்வதைக் கேட்பது?

கடைசி யோசனையை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். பாசனத்துக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தில் செக்கு ஓட்டினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அது அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். கிணற்று இணைப்புக்கே வம்பு வரும்.

மற்றபடி எலக்ட்ரீஷியன் சொல்வதும் கொழுந்தனார் சொல்வதும் இரண்டுமே கணக்கு இல்லை. ஒன்று வெறும் கூட்டல், மற்றொன்று மதிப்பு. பொருத்தியிருக்கும் மின்பளு வேறு, ஒரே நேரத்தில் இழுக்கும் மின்பளு வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் மின்சாரத் துறையில் டைவர்சிட்டி என்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டும் பேனாவும் போதும். காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை மணி வாரியாகக் கோடு போட்டு, எந்த மோட்டார் எப்போது ஓடும் என்று குறிக்க வேண்டும். சாதாரண நாளுக்கு அல்ல, வருடத்திலேயே நெருக்கடியான நாளுக்கு.

அந்த நாள் எது? மார்கழிப் பட்டத்து மல்லாட்டை பங்குனி, சித்திரையில் வீட்டுக்கு வருகிறது. ஊரார் மிளகாயைக் காயவைத்து வருடத்துக்கு அரைத்து வைப்பதும் அதே வெயிலில்தான். சும்மா இருக்கிற ஆடி மாதத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு சித்திரையில் பியூஸைப் பிடுங்கும்.

சித்திரையில் ஒரு முற்பகலை எடுத்துக்கொண்டால் செக்கு இரண்டும் ஓடும், உடைக்கும் இயந்திரமும் ஓடும். மாவு மில்லும் மிளகாய் மில்லும் ஒரே ஆள் கையில் இருப்பதால் ஒன்று ஓடும்போது மற்றது நிற்கும் என்கிறார் வாசகி. ஆள் இரண்டானால்? வரிசையில் நிற்பவர்கள் அவசரப்படுத்தினால்? ஆகவே இரண்டு மில்லுக்கும் நடுவில் ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைத்துவிட வேண்டும். ஒரு பக்கம் தள்ளினால் மாவு, மறுபக்கம் தள்ளினால் மிளகாய். பெரியதான 7.5 மட்டும் கணக்கில் வரும். வாய்வார்த்தையில் விட்ட டைவர்சிட்டியை நம்பக்கூடாது, சுவிட்ச் போட்டுக் கட்டியதை நம்பலாம். எண்ணெய் தெளிந்த பிறகு சாயங்காலம்தான் வடிகட்டும் வேலை என்பதால் அந்தப் பம்பை விட்டுவிடலாம். தண்ணீர் மோட்டார் எப்போது வேண்டுமானாலும் ஓடும், அதைச் சேர்க்க வேண்டும்.

ஆக 6, 2, 7.5, 1. கூட்டினால் 16.5 ஹெச்.பி. ஒரு ஹெச்.பி. 746 வாட், எனவே 12.3 கிலோவாட். விளக்கு, மின்விசிறி, பிரிட்ஜ், பில் போடும் கம்ப்யூட்டர், பாக்கெட் ஒட்டும் மெஷின் எல்லாம் சேர்த்து 1.3 கிலோவாட். மொத்தம் 13.6.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மோட்டார் தகட்டில் எழுதியிருப்பது அது வெளியே தரும் சக்தி. உள்ளே இழுப்பது அதைவிட அதிகம். நூற்றுக்கு 85 வெளியே வரும் மோட்டார் என்று வைத்துக்கொண்டால், 12.3 கிலோவாட் தருவதற்கு 14.5 இழுக்கும். அப்போது மொத்தம் 15.8. எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் முழுச் சுமையில் ஓடுவது அபூர்வம்தான், ஆனாலும் மாவு மில்லில் தானியத்தை அள்ளிக் கொட்டும் ஆள் இருந்தால் நடக்கும். எனவே 16 கிலோவாட் என்று வைத்துக்கொள்வதே சரி. மூன்று பேஸில் அது பேஸுக்குச் சுமார் 28 ஆம்பியர். எல்லாம் ஒன்றாக ஓடும் என்று பார்த்தால் 36 ஆம்பியருக்கு மேல் போகும். விளக்கு, பிரிட்ஜ் எல்லாவற்றையும் ஒரே பேஸில் தொங்கவிடாமல் பிரித்துப் போடுவது முக்கியம்.

இந்தக் குறைப்பு மெயின் கேபிளுக்கும் மெயின் சுவிட்சுக்கும் மட்டுமே பொருந்தும். தனித்தனி மோட்டாருக்குப் போகும் ஒயர், ஸ்டார்ட்டர், எம்.சி.பி. எதிலும் குறைக்கக்கூடாது. 7.5 ஹெச்.பி. மில் ஓடும்போது அதன் ஒயரில் முழு 11 ஆம்பியரும் போகும், பக்கத்துச் செக்கு நிற்கிறதா என்று அந்த ஒயர் பார்க்காது. எண்ணெயும் புண்ணாக்கும் இருக்கிற கொட்டகையில் ஒயர் சூடாவது விளையாட்டல்ல.

மின்வாரிய விண்ணப்பத்தில் பொருத்திய மோட்டார் ஒன்றையும் மறைக்கக்கூடாது. முழுப் பட்டியலையும் மணிக் கணக்கு நோட்டையும் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் காட்டி, எவ்வளவு மின்பளுவுக்கு ஒப்பந்தம் போடலாம் என்று எழுத்தில் கேட்பது நல்லது. மாதாமாதம் கட்டும் நிலைக் கட்டணம் அதைப் பொறுத்தது.

பணம் உண்மையில் மிச்சமாவது ஜெனரேட்டரில். கரன்ட் போனால் மாவு அரைக்க வந்தவர் நாளை வருவார். செக்கில் பாதி ஆட்டிய பருப்பு காத்திருக்காது. எனவே ஜெனரேட்டருக்குச் செக்கு இரண்டும் விளக்கு வகையறாவும் போதும். 3 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் 3.4 கே.வி.ஏ. இழுக்கும், நேரடியாகக் கிளப்பினால் சில விநாடிகளுக்கு அதைப்போல ஆறு மடங்கு. ஆறு முனை வெளியே இருக்கும் மோட்டாராகப் பார்த்து ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, ஏறக்குறைய 7 ஆகும். ஒரு செக்கு ஓடிக்கொண்டிருக்க மற்றதைக் கிளப்பும்போது 3.4, 7, விளக்குக்கு 1.5 என்று 12 கே.வி.ஏ. வருகிறது. 15 கே.வி.ஏ. தாராளம்.

ஆனால் ஸ்டார் டெல்டாவில் கிளம்பும் இழுவிசையும் மூன்றில் ஒரு பங்குதான். உரலில் பருப்போடு நின்றுபோன செக்கை அது அசைக்காமல் போகலாம். வாங்கும்போதே, சுமையோடு நிறுத்தி, உலக்கையின் இறுக்கத்தைத் தளர்த்தித் திரும்பக் கிளப்பிக் காட்டும்படி செக்கு செய்பவரிடம் கேட்க வேண்டும். காட்டத் தயங்குபவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

30க்கும் 15க்கும் உள்ள விலை வித்தியாசத்தை வாசகி தனியே எடுத்து வைக்கலாம். பங்குனியில் சொந்த மல்லாட்டை தீர்ந்தபின் அக்கம்பக்கத்தில் ரொக்கம் கொடுத்து வாங்க அந்தப் பணம் தேவைப்படும்.