ரெட் சேனல்ல போனா தப்பில்ல!

எக்ஸ்சேஞ்ச் புரோகிராம்ல ஆறு மாசம் ஐரோப்பா போறீங்க. விசா வந்தாச்சு, டிக்கெட் போட்டாச்சு. வீட்டுல பேக்கிங் ஜரூரா நடக்குது. அம்மா ஒரு பாட்டில் நெய், பெரியம்மா அரைக்கிலோ பால்கோவா, பாட்டி ஒரு கட்டு கறிவேப்பிலை. அப்பா மட்டும், "பணத்தைப் பத்திரமா பார்த்துக்கோ"ன்னு சொல்வார். எப்படிப் பார்த்துக்கணும்னுதான் யாரும் சொல்ல மாட்டாங்க. அதை நாம பார்ப்போமா?

முதல்ல ரொக்கம். ஐரோப்பிய யூனியனுக்குள்ள பணம் கொண்டு போறது குற்றமே இல்லை. ஆனா 10,000 யூரோவோ அதுக்கு மேலயோ கையில இருந்தா, கஸ்டம்ஸ்ல எழுதிக் கொடுத்தே ஆகணும். திரும்பி வரும்போதும் இதே ரூல்தான்.

"அவ்வளவு பணத்துக்கு நான் எங்கே போறது?"ன்னு சிரிக்காதீங்க. 2021 ஜூன் 3 முதல், 90 சதவிகிதத்துக்கு மேல தங்கம் இருக்கிற காசுகளையும் ரொக்கமாத்தான் கணக்கு பண்றாங்க. நம்ம ஊர் 22 கேரட் காசு 91.6 சதவிகிதம். 'அவசரத்துக்கு வித்துக்கோ'ன்னு தாத்தா கொடுத்த காசும் அந்தக் கணக்குல சேரும்!

அடுத்து பொருட்கள். நீங்க உபயோகிக்கிற துணிமணி, லேப்டாப் பிரச்னை இல்லை. பரிசா எடுத்துட்டுப் போற சாமான்களுக்கு, விமானத்துல போனா ஆளுக்கு 430 யூரோ வரை வரி கிடையாது. 600 யூரோ பொருளை 'ரெண்டு பேருக்கும் பாதி பாதி'ன்னு பிரிச்சுக் காட்ட முடியாது, பாஸ்!

நெய், பால்கோவா ரெண்டும் அவுட். வெளிநாட்டுப் பால் பொருளும் இறைச்சியும் பயணிகள் கொண்டு வரக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேணும். தேங்காய்க்கு அது தேவையில்லை. பாட்டிகிட்ட சொல்லி மாத்திக்கோங்க!

கார்டுல தேய்க்கும்போது மெஷின், "ரூபாயிலயே கணக்குப் போடட்டுமா?"ன்னு பாசமா கேட்கும். வேண்டாம்னு சொல்லுங்க. அந்த ஊர் கரன்சியையே அழுத்துங்க. ரூபாய்னு அழுத்தினா, அவங்க வச்சதுதான் ரேட். யூரோ போட்ட ஃபாரெக்ஸ் கார்டை, கொருனா புழங்குற ப்ராக்லயோ ஃபிராங்க் புழங்குற சூரிச்லயோ தேய்ச்சாலும் மாற்றுக் கட்டணம் விழும்.

வீக் எண்டுக்கு ஸ்விட்சர்லாந்தா? ரயில்ல ஜாலியா போயிடலாம். ஆனா அது ஐரோப்பிய யூனியன்ல இல்லை, நடுவுல கஸ்டம்ஸ் எல்லை உண்டு. அங்கே வரியில்லாம கொண்டு போற பொருட்களின் மதிப்பு 300 ஃபிராங்கா இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் 150 ஆக்கிட்டாங்க. அங்கிருந்து ரயில்ல திரும்பும்போது யூனியன் எல்லையில 430 இல்லை, 300 யூரோதான்.

'தெரிஞ்சவங்க பையனுக்கு'ன்னு யாராவது ஒட்டின பார்சல் கொடுத்தா, பிரிச்சுப் பார்க்காம வாங்காதீங்க. உங்க பையில இருந்தா அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.

கடைசியா ஒண்ணு. நம்மாளுங்களுக்கு ரெட் சேனல்னாலே உதறல். அது திருடனுக்கான வழி இல்லை, சந்தேகம் இருக்கிறவங்களுக்கான வழி. "இது எங்கிட்ட இருக்கு, சொல்லணுமா?"ன்னு நேரா போய்க் கேளுங்க. போனா பத்து நிமிஷம், மிஞ்சினா கொஞ்சம் வரி. தெரியாத மாதிரி கிரீன் சேனல்ல நழுவி மாட்டினா, வரியோட அபராதமும் சேரும். புது ஊர்ல முதல் நாள், அதுவும் செமஸ்டர் செலவுக்கு வச்சிருந்த காசுல... தேவையா?