இரண்டு சென்ட் மண்ணும் பொறுக்கவில்லையா?

கற்கள் வந்து இறங்கிவிட்டன. நம் ஊர்த் தொடக்கப் பள்ளியின் தோட்டத்தை மூடிவிட்டு பேவர் பிளாக் பதிக்கும் முடிவில் மாற்றம் இல்லை என்று முடிவெடுத்தவர்கள் சென்ற வாரம் மறுபடியும் சொல்லிவிட்டார்கள். பெற்றோர் கையெழுத்திட்டுக் கொடுத்த மனுவை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கோடை விடுமுறை முழுக்கச் சத்துணவுக் கூடத்து ஆயா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றிய பாகல் பந்தலைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் லாரி பின்பக்கமாக உள்ளே வந்தது. மொத்தமே இரண்டு சென்ட் இடம். அதுவும் இவர்கள் கண்ணை உறுத்தியிருக்கிறது.

சொன்ன காரணங்கள் நான்கு. கொசு வருகிறதாம். கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். மூடியில்லாத தொட்டி தோட்டத்தில் இல்லை, கழிப்பறைக்குப் பின்னால் இருக்கிறது. பாம்பு வருகிறதாம். இடிந்து கிடக்கும் சுற்றுச்சுவரை எடுத்துக் கட்டச் சொல்லி எத்தனை ஆண்டுகளாகக் கேட்கிறோம்? வண்டி நிறுத்த இடம் இல்லையாம். அது பிள்ளைகளின் கவலை அல்ல. இந்த மூன்றையும் இதோடு விட்டுவிடலாம். நான்காவது காரணத்தை விட முடியாது. “செடியைப் பற்றிய பாடத்துக்கு ஸ்மார்ட் போர்டில் காணொளி இருக்கிறது, அது போதும்” என்கிறார்கள். இதைத்தான் நாம் அடியோடு மறுக்கிறோம்.

அந்தக் காணொளியை நாமும் பார்த்தோம். ஒரு விதை விழுகிறது, வேர் இறங்குகிறது, தண்டு எழுகிறது, இலை விரிகிறது. பத்து நாள் வேலை நாற்பது நொடியில் முடிந்துவிடுகிறது. படம் தெளிவு, இசையும் நன்று. ஆனால் அதில் எந்த விதையும் அழுகுவதில்லை.

தோட்டத்தில் அழுகும். போன தை மாதம் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு கொட்டாங்குச்சியில் மண் நிரப்பி, இரவு ஊறவைத்த மொச்சையை ஊன்றியிருந்தார்கள். நாம் போன அன்று ஒரு சிறுமி அழாத குறையாக நின்றாள். “டீச்சர், எல்லாருக்கும் வந்துருச்சு, என் மொச்சை மட்டும் வரல” என்றாள். “தோண்டிப் பாரு பாப்பா” என்றார் ஆசிரியை. விரலால் கிளறினாள். விதை கொழகொழவென்று நாறியது. கொட்டாங்குச்சியின் அடியில் ஓட்டை போட மறந்திருக்கிறாள். போதாததற்கு ஆசையில் மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். விதைக்கும் மூச்சு வேண்டும், மண்துகள்களுக்கு இடையில் இருக்கும் காற்றைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் அது மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்று ஆசிரியை சொன்னபோது அந்தப் பிள்ளை கேட்ட கேட்பு இருக்கிறதே, அதை எந்தத் திரை வாங்கித் தரும்? மறுநாள் ஆணியால் ஓட்டை போட்டு வேறு விதை ஊன்றினாள். நாலாம் நாள் மண் கீறியது. கொக்கி போல் வளைந்த தண்டு முதுகால் மண்ணை முட்டிக்கொண்டு வெளியே வந்தது. தலையை நிமிர்த்தியபோது இரண்டு தடித்த விதையிலைகள். சாம்பாரில் கிடக்கும் துவரம்பருப்பும் இப்படிப்பட்ட விதையிலைதான், குட்டிச் செடிக்குத் தாய் கட்டிக்கொடுத்த சோறு அது, என்று அன்று வகுப்புக்கே புரிந்தது.

இன்னொரு கொட்டாங்குச்சியை வகுப்பறை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் உள்ளே முளை நெடுநெடுவென்று, வெளுத்த மஞ்சளாக நிற்கிறது. “எங்க பாட்டி முளைப்பாரி மாதிரியே இருக்கு!” என்று கத்தினான் ஒரு பையன். இருட்டறையில் வைத்து வளர்ப்பதால்தான் முளைப்பாரிக்கு அந்த வெளிர் நிறம். வெளிச்சம் படாமல் பச்சையம் வராது, வெளிச்சத்தைத் தேடித்தான் தண்டு அப்படி நீள்கிறது. அம்மன் கோயில் திருவிழாவில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த ஒன்றுக்கு அந்தப் பையன் அன்றுதான் காரணம் கண்டான். இதைப் பாடம் என்று சொல்லாமல் எதைச் சொல்வது?

திரையில் சொன்னால் மட்டும் பதியாதா என்று கேட்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம். மரம் எதைக் கொண்டு வளர்கிறது? மண்ணைத் தின்று வளர்கிறது என்றுதான் பத்தில் எட்டுப் பிள்ளைகள் சொல்வார்கள். பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள், முடிவெடுத்தவர்கள் உட்பட. வான் ஹெல்மான்ட் என்ற பெல்ஜிய நாட்டு மருத்துவர் சுமார் 90 கிலோ காய்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, இரண்டு கிலோவுக்குச் சற்றே கூடுதலான வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 76 கிலோவைத் தாண்டியது. மண்ணில் குறைந்ததோ 60 கிராம்கூட இல்லை. அவர் இறந்த பிறகு, 1648-இல் இது அச்சில் வந்தது. தண்ணீரே மரமாகிவிட்டது என்று அவர் முடிவுகட்டினார். காற்றை மறந்துவிட்டார். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்து, வெயிலின் துணையோடு இலை உணவு சமைக்கிறது என்பது தெளிய மேலும் ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. ஐந்து ஆண்டுகள் கையால் செய்து பார்த்த அறிஞரே பாதிதான் கண்டுபிடித்தார். நம் எட்டு வயதுப் பிள்ளை நாற்பது நொடியில் முழுவதும் புரிந்துகொள்ள வேண்டுமாம்.

தோட்டத்துப் பூசணிக் கொடிக்கு வருவோம். “இவ்வளவு பூ பூத்தும் காய்க்கவே இல்லையே” என்று பிள்ளைகள் கேட்டார்கள். முதலில் வந்தவை எல்லாம் ஆண் பூக்கள். பிறகு வந்த பூக்களில் சிலவற்றின் அடியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு குட்டிப் பூசணி இருந்தது. அதுதான் பெண் பூ. விடியலில் விரிந்த பூ உச்சிக்குள் கூம்பிவிடும், தேனீ அதற்குள் வந்தாக வேண்டும். வராத நாளில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவுக்குள் தடவிவிட்டார் ஆயா. அவர் பள்ளிக்கூடம் போனதே குறைவு. மகரந்தச் சேர்க்கையை அன்று நடத்தியவர் அவர்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. வெளியில் வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்று பிரித்துவைத்தவர் தொல்காப்பியர். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல்லோடு சேரும். இன்றைய தாவரவியலிலும் அவை ஒருவித்திலைத் தாவரங்கள், புல்லின் பக்கம்தான் நிற்கின்றன. ஆலுக்கும் வேலுக்கும் இலை, நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, பனைக்கு ஓலை. மாவின் பிஞ்சு வடு, பலாவின் பிஞ்சு மூசு, வாழையின் பிஞ்சு கச்சல், தென்னையின் பிஞ்சு குரும்பை. மொழியறிஞர் தேவநேயப் பாவாணர் திரட்டித் தந்த இந்தச் சொற்களைப் பத்தாம் வகுப்பில் நம் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்கு உருப்போடுவார்கள். கச்சலை ஒரு நாளும் கண்ணால் பார்க்காமல்!

இப்படிச் செய்வது இவர்களுக்கு முதல் முறையும் அல்ல. பள்ளி வாசலில் நின்ற வேம்பை, சருகு கொட்டுகிறது என்று வெட்டச் சொன்னவர்கள் யார்? வெட்டிய இடத்தில் தகரக் கொட்டகை போட்டார்கள். சித்திரை வெயிலில் அதன் கீழ் பத்து நிமிடம் நிற்க முடியாது. மூலிகைத் தோட்டம் என்று ஒரு விழா எடுத்து, மாலை மரியாதையோடு புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். தூதுவளை, ஆடாதொடை, கீழாநெல்லி என்று எழுதிய தகரப் பலகைகள் இன்றும் நிற்கின்றன. பலகைக்குப் பின்னால் வெறும் கட்டாந்தரை. தண்ணீர் ஊற்ற ஆள் போடவில்லை என்பதை ஒப்புக்கொள்ளக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை. அடுத்து, பசுமை வேண்டும் என்று சுவரோரம் வரிசையாக கோனோகார்பஸ் நட்டார்கள். குஜராத் அரசு 2023-இலேயே தடை செய்த மரம் அது. பின்னர் தமிழக அரசும் தடை விதித்தது. நட்டதைப் பிடுங்க மறுபடி செலவு. எவர் கணக்கில் என்று கேட்டால் பதில் இல்லை. நன்கொடையாக வந்த நுண்ணோக்கி, சுற்றி வந்த பாலித்தீன் உறை பிரியாமல் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் உடைத்துவிடுவார்களாம். வெங்காயத் தோலை அதில் வைத்து ஒரே ஒரு பிள்ளையாவது செல்லைப் பார்த்திருந்தால், இரண்டு சென்ட் மண்ணுக்காக இன்று நாம் இவ்வளவு மன்றாட வேண்டியிருக்காது.

பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க வேண்டும் என்று மதிய உணவுத் திட்டத்தோடு சேர்த்து 2019-இல் மத்திய அரசே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. இடம் இல்லாத பள்ளி தொட்டியிலும் மாடியிலும் வளர்க்கலாம் என்பதுதான் அதன் போக்கு. இடமில்லாதவர்கள் இடம் தேடும் காலத்தில், இருக்கும் தோட்டத்தைக் கல் போட்டு மூடுகிறவர்களை என்னவென்று சொல்வது? அந்தத் தோட்டத்து முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளைகளின் தட்டுக்குப் போயின. அந்த இழப்புக்கு யார் பொறுப்பேற்பார்கள்? பதிலாக இரண்டு பூந்தொட்டி வைப்போம் என்கிறார்கள். தோட்டத்தைப் பறித்துவிட்டுப் பூந்தொட்டியைக் காட்டுவது பிள்ளைகளை மட்டுமல்ல, மனுவில் கையெழுத்துப் போட்ட அத்தனை பெற்றோரையும் அவமதிப்பது.

பள்ளியின் மண்ணில் கை வைப்பதற்கு முன் அங்கே படிக்கிறவர்களையும் படிப்பிக்கிறவர்களையும் கேட்க வேண்டும் என்ற முறை வந்தாக வேண்டும். அது எந்த வடிவில் வரும், யார் அதை நடத்துவார்கள் என்பதை ஊர் கூடிப் பேசட்டும். உள்ளூர்ப் பிரதிநிதிகள் இனியும் வாய் மூடி இருக்கக் கூடாது. அதுவரை ஒரு கல்லும் பதியக் கூடாது.

ஆடி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. லாரிச் சக்கரம் ஏறி இறுகிய மண்தான், ஒரு மழை பெய்து மண்வெட்டி போட்டால் பொலபொலவென்று ஆகிவிடும். பிடுங்கிப் போட்ட பந்தலிலிருந்து பழுத்து வெடித்த பாகற்காய்களைப் பொறுக்கி, செக்கச்செவேல் என்றிருந்த விதைகளைச் சாம்பலில் புரட்டி, சத்துணவுக் கூடத்துச் சன்னல் மேடையில் காயவைத்திருக்கிறார் ஆயா.