வீட்டு டெலிபோன் இருக்கட்டும்!

‘ஆளுக்கொரு செல்போன் வந்தாச்சு டாக்டர்... வீட்டு போனுக்கு எதுக்கு மாசா மாசம் தண்டம் அழணும்?’ வைத்தியத்துக்கு வருகிறவர்களில் பலர் என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். வீட்டில் வயதானவர்களோ, சின்னக் குழந்தைகளோ இருந்தால் அந்த போனை எடுத்துவிடாதீர்கள் என்பதுதான் என் பதில்.

‘சித்த வைத்தியருக்கும் டெலிபோனுக்கும் என்னய்யா சம்பந்தம்?’ என்கிறீர்களா? சொல்கிறேன். நாடி பார்த்து, பத்தியம் சொல்லி, நிதானமாக நோயைத் தணிக்கிற வைத்தியம் எங்களுடையது. ஆனால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்து உட்கார்ந்தவருக்கும், வாய் கோணி ஒரு பக்கக் கை துவண்டவருக்கும் முதல் தேவை ஆம்புலன்ஸ்தான். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன்பே ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் எண்ணெய் தேய்ப்பதும், வாயில் கஷாயம் ஊற்றுவதும் ஆபத்து!

என்னிடம் மூட்டுவலிக்கு வரும் ஒரு அம்மாவின் வீட்டில் நடந்தது இது. மதிய நேரம். மகனும் மருமகளும் ஆபீஸில். கணவருக்கு நெஞ்சுவலி. அவருடைய செல்போன் பூட்டியிருக்கிறது. கோடு போட்டுத் திறக்கிற வித்தை அம்மாவுக்குத் தெரியாது. வீட்டு போனையும் முந்தின வருஷமே எடுத்தாகிவிட்டது. மூணு வீட்டுக் கதவைத் தட்டிய பிறகுதான் ஆள் கிடைத்தது. தெய்வாதீனமாக அவர் பிழைத்தார்.

பூட்டிய செல்போனிலிருந்தும் 112-ஐ அழைக்க வழி உண்டு. அதைப் பெரியவர்களுக்குக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். ஆனால், பதற்றத்தில் கை நடுங்கும்; கண்ணாடி எங்கோ கிடக்கும். உங்கள் அஞ்சறைப் பெட்டியில் கடுகு எங்கே, சீரகம் எங்கே என்று இருட்டிலும் கை தானாகப் போகிறதல்லவா? ஒரே இடத்தில் இருக்கிற போனும் அப்படித்தான். பேரனுக்கும் தெரியும், பாட்டிக்கும் தெரியும், வேலைக்கு வரும் பெண்ணுக்கும் தெரியும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் செல்போன்கள் ஊமையாகிவிட்டதை மறந்துவிட முடியுமா? 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டா மாவட்டங்களில் பல நாட்கள் கரன்ட் இல்லாமல் சார்ஜ் போடவே வழியில்லாமல் தவித்தார்கள். கம்பம் சாய்ந்தால் வீட்டு போனும் போகும்தான். அதனால்தான் இரண்டும் இருக்கட்டும் என்கிறேன். ஒன்று கைவிட்டால் இன்னொன்று!

போனை வைத்திருந்தால் மட்டும் போதாது. இவற்றையும் செய்யுங்கள்:

உங்கள் இணைப்பு எந்த வகை என்று விசாரியுங்கள். பழைய செப்புக் கம்பி இணைப்புக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்தே மின்சாரம் வரும். வீட்டில் கரன்ட் போனாலும் பேசலாம். இப்போது பல ஊர்களில் அதை எடுத்துவிட்டு ஃபைபர் இணைப்பு தருகிறார்கள். அதற்கு வீட்டிலுள்ள மோடத்துக்குக் கரன்ட் வேண்டும். எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி அதை இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுங்கள். கார்ட்லெஸ் போனுக்கும் கரன்ட் தேவை. அதனால் சாதாரண பட்டன் போனே நல்லது.

போனை உயரமான ஸ்டாண்டில் வைக்காதீர்கள். இடுப்பெலும்பு முறிந்து தரையில் கிடப்பவருக்கும் எட்ட வேண்டும். பெரியவர்களின் கட்டில் பக்கத்தில், தாழ்வாக இருக்கட்டும்.

பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, பிறகு மகன், மகள், பக்கத்து வீடு. வீட்டு போனிலிருந்து செல்போனுக்குப் பேச 2021 ஜனவரியிலிருந்து முன்னால் 0 சேர்க்க வேண்டும். மகனின் எண்ணை அந்த 0-வோடு சேர்த்தே எழுதுங்கள்! உங்கள் கதவு எண், தெரு, அருகிலுள்ள கோயிலோ பள்ளிக்கூடமோ, அதையும் அங்கேயே எழுதுங்கள். பதறும்போது சொந்த விலாசமே மறந்துபோகும். போனில் முதலில் விலாசத்தைச் சொல்லுங்கள், அழுகை அப்புறம்.

அமாவாசைக்கு அமாவாசை ஒரு தரம் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, போனில் டயல் டோன் வருகிறதா என்று பாருங்கள். பிறகு பாட்டியையும் பேரனையும் உங்கள் செல்போனுக்கு அழைக்கச் சொல்லிப் பழக்குங்கள்.

காய்ச்சலுக்கு நிலவேம்பும் இருமலுக்கு ஆடாதொடையும் வீட்டில் வைத்திருக்கிறீர்கள், சந்தோஷம். உயிர் போகிற நேரத்துக்கு இந்த போனும் இருக்கட்டும். ‘ரிப்பேர்’ என்று மூலையில் கிடந்தால், நாளைக்கே புகார் கொடுத்துச் சரிபண்ணுங்கள்!