பாசியை வளர்த்தால் தொட்டி கெடுமா?

கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிற எவர் காதிலும் முதலில் விழுகிற தீர்ப்பு ஒன்றுதான்: நல்ல ப்ரோட்டீன் ஸ்கிம்மர் வாங்கக் காசில்லையா, நன்னீர் மீனோடு நிறுத்திக்கொள். வீட்டிலேயே பாசித்திரை செய்துகொள்ளப் போகிறேன் என்று வாய்தவறிச் சொன்னால் பத்மநாபபுரத்திலிருந்து நாகர்கோவில் வரை சிரிப்புத்தான். “பாசிய ஒழிக்கத்தான் மக்கா நாங்க கெடந்து பாடுபடுதோம், நீ அத வளக்கதுக்கு நிக்கியா?”

கேலி நன்றாக இருக்கிறது. வாதம் அப்படியில்லை.

பாசித்திரை, அதாவது ஆல்கே ஸ்கிரப்பர் என்று இவர்கள் எள்ளுகிற சாமான், மிகவும் எளிமையானது. பிவிசி குழாயின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு கீறல். அதில் செருகித் தொங்கவிட்ட, சொரசொரப்பான பிளாஸ்டிக் வலை. பம்ப் ஏற்றும் தொட்டித் தண்ணீர் அந்த வலையின் இரண்டு பக்கமும் மெல்லிய படலமாக வழிந்து, கீழே இருக்கும் ‘சம்ப்’ என்னும் துணைத்தொட்டியில் விழும். இரண்டு பக்கமும் பளீரென்று விளக்கு. சில வாரங்களில் வலை முழுக்கப் பச்சைப்பாசி மூடும். வாரத்துக்கொருமுறை அதை வழித்து வெளியே போட வேண்டும். இவ்வளவுதான் கருவி. இதற்கு எதிராகச் சொல்லப்படுவதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“பாசி தொட்டியின் எதிரி, வளர்த்தால் தொட்டி முழுக்கப் பரவும்.”

பாசி எங்கிருந்தோ வந்து பரவுவதில்லை. அதன் விதைத்துகள்கள் கடல்நீர்த் தொட்டி எல்லாவற்றிலும் முதல் நாளிலிருந்தே இருக்கின்றன. வெளிச்சமும் சத்தும் எங்கே அதிகமோ அங்கே அவை தழைக்கும். கண்ணாடியிலும் கல்லிலும் பாசி படிகிறதென்றால், தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தேங்கி நிற்கின்றன என்று பொருள். எத்தனை முறை சுரண்டித் துடைத்தாலும் அந்தத் தேக்கம் போகாது. துடைத்த பாசி தொட்டிக்குள்ளேயே அழுகினால் சத்தெல்லாம் திரும்பத் தண்ணீருக்கே வந்துவிடும்.

பாசித்திரை இந்தப் போட்டியை இடம் மாற்றுகிறது. திரையில் வெளிச்சம் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. தண்ணீர் படலமாக வேகமாக ஓடுவதால் பாசியின் மேல்தோலை ஒட்டி அசையாமல் நிற்கும் நீர் அடுக்கு கலைந்து, சத்தும் கரியமில வாயுவும் தடையில்லாமல் உள்ளே போகின்றன. தேங்கிய கல்லிடுக்குப் பாசிக்கு இந்த வசதி கிடையாது. அது பட்டினி கிடந்து மெலியும். மீன் கழிக்கும் அமோனியா நைட்ரேட்டாக மாறுவதற்கு முன்பே பாசி அதை எடுத்துக்கொள்ளும் என்பது கூடுதல் லாபம். நைட்ரேட்டைவிட அமோனியாவை உறிஞ்சுவது பாசிக்குச் சுலபம்.

இது ஒரே வாரத்தில் நடக்காது. முதலில் திரையில் பழுப்புநிற வழவழப்பு படியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் ‘இது சரிப்படாது’ என்று கழற்றி எறிகிறார்கள். பழுப்பை மெல்ல வழித்துவிட்டுப் பொறுத்திருந்தால் பச்சை வரும்.

“ஸ்கிம்மர் இல்லாமல் கடல்நீர்த் தொட்டி கிடையாது.”

ஸ்கிம்மர் என்ன செய்கிறது? நுண்குமிழிகளை ஏற்றி, குமிழியின் மேல்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் புரதம், கொழுப்பு போன்ற கரிமக் கழிவுகளை நுரையாகப் பிரித்தெடுக்கிறது. அவை அழுகுவதற்கு முன்பே வெளியேறுகின்றன. கூடவே தண்ணீரில் ஆக்ஸிஜனும் ஏறுகிறது. நல்ல வேலைதான். ஆனால் கரைந்து நிற்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் குமிழியில் ஒட்டுவதில்லை. ஸ்கிம்மர் கோப்பை எவ்வளவு கறுப்பாக நிறைந்தாலும் அந்த இரண்டும் தண்ணீரிலேயே இருக்கும்.

அப்படியானால் மேல்நாட்டுப் புத்தகங்கள் ஸ்கிம்மரை மட்டும் வைத்து எப்படிச் சமாளிக்கின்றன? அவை ஸ்கிம்மரை மட்டும் சொல்வதில்லை. பவளத்திட்டிலிருந்து எடுத்த ‘லைவ் ராக்’ என்னும் உயிர்ப்பாறையை உடன் வைக்கச் சொல்கின்றன. அந்தப் பாறையின் உள்துளைகளில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றும். இந்த இரண்டாம் பாதி நமக்குப் பொருந்தாது. கல்பவளங்கள் 2001-இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு பவளப்பாறையைத் தொட்டிக்காக எடுப்பது குற்றம். ஆக, பாதி மருந்துச்சீட்டை வைத்துக்கொண்டு முழு வைத்தியம் நடக்குமென்று நம் கடைகளில் விற்கிறார்கள். உயிர்ப்பாறை இல்லாத தொட்டியில் நைட்ரேட்டை எடுக்க வேறு வழி வேண்டும். பாசித்திரை அந்த வழிகளில் ஒன்று, அதுவும் உள்ளூர்ச் சாமானில் ஆகிற வழி.

“கடல் பக்கத்திலேயே கிடக்கு, தண்ணிய மாத்தினா தீந்துது.”

நம் ஊருக்கே உரிய வாதம் இது. குளச்சலும் முட்டமும் பைக்கில் போய்வரும் தூரம்தான். இரண்டு கேன் பிடித்து வந்தால் முடிந்தது என்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

200 லிட்டர் தொட்டிக்கு நாளொன்றுக்கு 2 கிராம் உலர்தீனி. அதில் புரதம் 45 சதவீதம் என்றால் 0.9 கிராம். புரதத்தில் நைட்ரஜன் 16 சதவீதம், ஆக 0.144 கிராம். அது முழுவதும் நைட்ரேட்டானால் 0.6 கிராமுக்குச் சற்று மேல். மீன் உடம்பில் சேர்வதைக் கழித்து அரை கிராம் என்று வைப்போம். 200 லிட்டரில் அது லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், ஒவ்வொரு நாளும். வாரத்துக்கு 17.5.

வாரம் 20 லிட்டர், அதாவது பத்திலொரு பங்கு தண்ணீர் மாற்றினால் இருக்கும் நைட்ரேட்டிலும் பத்திலொரு பங்குதான் போகும். ஏறுவதும் போவதும் சமமாகும்போது, மாற்றும் முன் அளந்தால் நைட்ரேட் 175-இல் வந்து நிற்கும். வாரம் 50 லிட்டர் மாற்றினாலும் அந்த அளவு 70-க்குக் கீழே இறங்காது. வாராவாரம் 50 லிட்டர் கடல்நீரைப் படியேற்றிச் சுமக்கிற மனிதர் அந்த 70-க்காகத்தான் சுமக்கிறார்.

சுமக்கிற தண்ணீரின் தரம் வேறு கதை. துறைமுகத்தில் டீசல் படலம் மிதக்கும். வேளிமலையில் பிறக்கும் வள்ளியாறு கடியப்பட்டணம் பக்கம் கடலில் சேர்கிறது. மழைக்காலத்தில் அந்தப் பொழிமுகத்தை ஒட்டிய கடல்நீரில் உப்பு குறைந்து, வயல்வெளிச் சத்தும் சேறும் கலந்திருக்கும். தேங்காய்த் தொண்டு ஊறப்போடும் காயல்களின் வாயில் அழுகல் நெடி தூரத்திலேயே தெரியும். இடவப்பாதியில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் ஆழத்துச் சத்துநீர் மேலேறி வருகிறது. கடலுக்கு அது வளம். நம் மீன்பாடே அதை நம்பித்தான் இருக்கிறது. தொட்டிக்கு அது கூடுதல் நைட்ரேட். நமக்கு இரண்டு பருவமழை என்பதால் நம்பி மொள்ளக்கூடிய நாட்களும் குறைவு.

தண்ணீர் மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாதுக்களைப் புதுப்பிக்க அது வேண்டும். கழிவை எடுக்கும் வேலையை அதன் தலையில் கட்டுவதுதான் தப்பு.

“தண்ணீர் மஞ்சளாகும். பெரிய அக்வேரியமே இதைக் கைவிட்டது.”

எதிர்வாதங்களிலேயே சரக்குள்ளது இதுதான். சற்று நின்று பார்க்க வேண்டும்.

இந்த முறையை உருவாக்கியவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்து விஞ்ஞானி வால்டர் ஏடி. கரீபியப் பவளத்திட்டுகளை ஆராய்ந்தபோது, பாறைமேல் விரல்நுனி உயரத்துக்குப் படரும் பாசிப்புல் எவ்வளவு வேகமாக வளர்கிறது, மீன்களால் மேயப்பட்டு மறுபடி எப்படித் தழைக்கிறது என்பதை அவர் பார்த்தார். தொட்டியில் மேய்கிற மீனின் இடத்தில் மனிதன் வழித்தெடுத்தால் என்ன என்பதே அவருடைய யோசனை. 1982-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1987-இல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் திறக்கப்பட்ட பவளத்திட்டு அக்வேரியம், சுமார் 25 லட்சம் லிட்டர் தொட்டியை இந்த முறையில்தான் தொடங்கியது. பின்னாளில் அங்கே வேறு வடிகட்டு முறைகளுக்குப் போனார்கள். தண்ணீரின் தெளிவைப் பற்றிய புகாரும் எழுந்ததுண்டு.

இதிலிருந்து என்ன தெரிகிறது? லட்சக்கணக்கான லிட்டரில் உயிருள்ள பவளத்தை வளர்ப்பது ஒரு காரியம்; வீட்டுக்கூடத்தில் 200 லிட்டரில் கோமாளிமீனும் டாம்சலும் வளர்ப்பது இன்னொரு காரியம். முன்னதில் பட்ட சிரமத்தைப் பின்னதின்மேல் ஏற்றுவது நியாயமில்லை.

மஞ்சள் உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் உண்டு. வழிக்காமல் விட்டால் பாசி தடித்து, அடியில் இருப்பதற்கு வெளிச்சம் எட்டாமல் செத்து, அதன் சாறு தண்ணீரில் இறங்குகிறது. ஏழு முதல் பத்து நாளுக்குள் வழித்துவிட்டால் பெரும்பகுதி தீர்ந்தது. மிச்சத்துக்கு ஒரு கைப்பிடி ஆக்டிவேட்டட் கார்பன் போதும். அதுவும் நம் சிரட்டையிலிருந்து வருவதுதான். பத்மநாபபுரம் அரண்மனையின் கறுப்புத் தரையில் சிரட்டைக்கரி சேர்த்திருப்பதாக இங்கே வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார்கள். தொட்டிக்கு அந்தச் சாதாரணக் கரி உதவாது. அதிக வெப்பத்தில் நீராவி செலுத்தி நுண்துளைகளைத் திறந்த கார்பன்தான் நிறத்தைப் பிடிக்கும்.

“வீட்டில் செய்தது ஒழுகும், கரண்ட் போனால் செத்துவிடும்.”

ஒழுகுவதும் ஒழுகாததும் வேலையைப் பொறுத்தது. ஆகவே வேலையைச் சொல்கிறேன்.

திரையின் அளவைத் தொட்டியின் கொள்ளளவை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. தீனியை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். வளர்ப்பவர்களிடையே புழங்கும் கணக்கு: நாளொன்றுக்கு 3 கிராம் எடையுள்ள உறைந்த தீனிக்கட்டி ஒன்றுக்கு, இருபுறமும் வெளிச்சம் படும் 75 சதுர சென்டிமீட்டர் திரை. உறைந்த கட்டியில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் 2 கிராம் உலர்தீனி ஏறக்குறைய நான்கு கட்டிக்குச் சமம். ஆக, 15 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் உயரம். தண்ணீர், அகலத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் மணிக்கு 50 லிட்டர். 15 சென்டிமீட்டருக்கு 750 லிட்டர் தரும் பம்ப்.

குழாயில் கீறல் 3 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். ஹாக்ஸா பிளேடுகளைச் சேர்த்துக் கட்டி அறுத்தால் ஒரே சீராக வரும். ஒரு முனையில் எண்டு கேப், மறுமுனையில் பம்ப்பிலிருந்து வரும் ஹோஸ். கைவேலைக்கு விற்கும் விறைப்பான பிளாஸ்டிக் வலையை ரம்பப் பல்லால் இருபுறமும் கீறிக் கீறி, தடவினால் விரலில் குத்தும் அளவுக்கு முரடாக்க வேண்டும். வழவழப்பான வலையில் பாசி வேர்பிடிக்காது. கொத்தாகக் கழன்று பம்ப்பை அடைக்கும். கீறல்மேல் வெளிச்சம் படாமல் மறைப்பு வையுங்கள். இல்லாவிட்டால் பாசி அங்கேயே முளைத்துத் தண்ணீரைப் பக்கவாட்டில் பீச்சும். ‘ஒழுகுகிறது’ என்கிற புகார் பெரும்பாலும் இதுதான். விளக்குக்குச் செடி வளர்க்கும் சிவப்பு எல்இடி நல்லது. தொட்டி விளக்கை அணைத்த பிறகு இதை எரியவிட்டால், இரவில் தண்ணீரின் பிஎச் சரிவதும் மட்டுப்படும்.

இனி கரண்ட். விளக்கையும் பம்ப்பையும் ஒரே லைனில் இணைத்தால் தண்ணீர் நிற்கும்போது வெளிச்சமும் நிற்கும், திரை கருகாது. நம் ஊர் ஈரக்காற்றில் பாசி சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அலையிறக்கத்தில் பாறைமேல் வெயிலில் கிடந்து பழகிய இனம் அது. மூடிய கேனிஸ்டர் ஃபில்டரின் நிலைமைதான் மோசம்: உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகும்; கரண்ட் வந்ததும் அந்த அழுகல் நேரே தொட்டிக்குள் பாயும். பம்ப் நின்றால் மேலிருந்து இறங்கும் தண்ணீரைக் கொள்ள சம்ப்பில் இடம் விட்டிருக்க வேண்டும். உப்புத்தண்ணீர்ப் பக்கம் இஎல்சிபி என்னும் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் ஒரு பிளக்கும் செருகக் கூடாது. இது கடையில் வாங்கிய கருவிக்கும் பொருந்தும் விதி.

வழிக்கும்போது திரையைக் கழற்றிச் சமையலறைத் தொட்டியில் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். பாசியைத் தின்னும் நுண்பூச்சிகள் நன்னீரில் செத்துவிடும். அடிவேரை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் விரலால் வழித்தால் போதும். வழித்தது தென்னை மூட்டுக்குப் போகட்டும். தென்னைக்கு உப்பு வைக்கிற ஊரில் அது வீண்போகாது.

பாசித்திரையால் ஆகாதவையும் உண்டு. மிதக்கும் கழிவை அது பிடிக்காது. மீன் நோய்க்குச் செம்பு மருந்து போட்டால் பாசியும் சாகும். மீனை நெருக்கி அடைத்த தொட்டிக்கு ஸ்கிம்மரும் சேர்ந்தே வேண்டியிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று விலக்குகிற கருவிகள் அல்ல.

தகராறு கருவியைப் பற்றியது மட்டும் இல்லை. செலவின் வரிசையைப் பற்றியது. தீனியாக உள்ளே போகும் நைட்ரஜன் ஏதாவது ஒரு வழியில் வெளியே வந்தாக வேண்டும். அதைக் கண்ணால் பார்க்கிறபடி, கையில் பிடித்து எடைபோடுகிறபடி வெளியே கொண்டுவருவது பாசித்திரை. ஆகையால் முதல் பணம் நைட்ரேட், பாஸ்பேட் சோதனைக் கிட்டுக்கு. அடுத்தது பாசித்திரைக்கு. மூன்று மாதம் வாராவாரம் அளந்து எழுதிவைத்த பிறகும் எண் இறங்கவில்லையென்றால் ஸ்கிம்மர் வாங்குங்கள். அப்போது எதற்காக வாங்குகிறோம் என்றாவது தெரிந்திருக்கும்.