கண்ணாடிக் கடை வேறு, கண் டாக்டர் வேறு

எங்கள் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், பட்டையில் காயம் போடுகிறார் என்று மண்டோரிடம் ஓயாமல் திட்டு வாங்கினார். முப்பது வருடம் கத்தி பிடித்த கை அது. கோளாறு கையில் இல்லை, கண்ணில். இரண்டு வருடத்தில் மூன்று தடவை பட்டணத்துக் கடையில் மூக்குக் கண்ணாடி மாற்றினார். பலனில்லை. அவருக்கு இனிப்பு நீர் உண்டு. விழித்திரையில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதற்குக் கண்ணாடி என்ன செய்யும்? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன சமயம் ஒரு கண்ணில் பாதிப் பார்வை போய்விட்டது. லேசர் வைத்து மிச்சத்தைக் காப்பாற்றினார்கள்.

கடைக்காரர்மேல் குற்றமில்லை. 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவர் கண்ணை அளந்து கண்ணாடி கொடுக்கலாம். நாற்பதைத் தாண்டிய கிராணிக்குக் கணக்குப் புத்தகத்தின் எழுத்து மங்கினால் அது போதுமானதாகவே இருக்கும். ஆனால் அவர் டாக்டர் அல்லர். புரை, கண் அழுத்தம், விழித்திரை நோய் இவையெல்லாம் கண் டாக்டரின் வேலை. அரசாங்கக் கிளினிக்கில் குடியுரிமை உள்ளவருக்கு ஒரு வெள்ளிதான். அங்கே கடிதம் கேட்டு வாங்கி ஆஸ்பத்திரிக் கண் பகுதிக்குப் போகலாம். இனிப்பு நீர் உள்ளவர்கள், கண் நன்றாகத் தெரிந்தாலும், வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்டிவிட வேண்டும்.

பால் உறைய ஊற்றும் ஆசிட் கண்ணில் தெறித்தால் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே குழாயடியில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு, நேரே ஆஸ்பத்திரி அவசரப் பகுதிக்கு ஓடுங்கள். தாய்ப்பால் விடும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவு செய்து வேண்டாம். வேலையில் பட்ட காயமென்றால் சொக்சோவுக்கும் தெரிவிக்க வேண்டும்.

இனி, தொழிலாளி ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறான்? கண்ணில் மருந்து விட்டுச் சோதித்தால் பல மணி நேரம் பார்வை மங்கும். மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். ஆனால் பல நேரம் கையில் கிடைப்பது டைம் ஸ்லிப்தான், மருத்துவ விடுப்புச் சீட்டு அல்ல. கிராணிக்கு அரைநாள் அலைச்சல். பால்வெட்டுக்காரனுக்கோ அன்றைய கூலியே போச்சு. தவணைக் கார்டு உள்ள நாளுக்குக் கூலி வெட்டக் கூடாதென்று கிளைச் செயலாளர்கள் நிர்வாகத்திடம் பேச வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை நான் எழுப்பப் போகிறேன்.